அரைக் கணம் தாமதித்து வரும் வால்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 2006 முதல் ஆந்த்ரோகான் என்ற விழா நடந்துவருகிறது. அதில் ஃபர்சூட் ஊர்வலம் ஒன்று உண்டு. நரி, ஓநாய், பனிச்சிறுத்தை, டிராகன் என்று தலை முதல் கால்வரை ரோம உடை அணிந்தவர்கள் அணி அணியாக நடந்து வருவார்கள். படமெடுக்கிறவர்கள் முன்னால் நின்று முகங்களைத்தான் எடுக்கிறார்கள். அந்தக் காணொலிகளில் நான் தேடுவதோ, ஆட்கள் கேமராவைத் தாண்டிப் போன பிறகு வரும் சில நொடிகளை. அப்போதுதான் வால்கள் தெரியும்.

நல்ல வாலைக் கண்டுகொள்ள நாலு அடி நடை போதும். இடுப்பு இடப்பக்கம் போகும். வாலின் அடி உடனே கூடப் போகும். நடுப்பகுதி சற்றுப் பொறுத்துப் போகும். இடுப்பு வலப்பக்கம் திரும்பிவிட்ட பிறகும் நுனி மட்டும் இடப்பக்கமே போய்க்கொண்டிருக்கும். அந்த அரைக் கணத் தாமதத்தைப் பார்த்த மாத்திரத்தில், துணியும் பஞ்சும் கண்ணிலிருந்து மறைந்து ஒரு விலங்கு நடந்துபோகிறது. மோசமான வாலில் இந்தத் தாமதம் இருக்காது. அது இடுப்போடு சேர்ந்து கட்டையாகத் திரும்பும், அல்லது இரண்டு கால்களுக்கும் நடுவே செத்துத் தொங்கும்.

ஃபர்ரி ரசிகர் உலகம் என்பது, மனிதரைப்போல் நடந்து பேசும் விலங்குப் பாத்திரங்களை நேசிப்பவர்களின் உலகம். அவர்களுக்கென்று முதல் மாநாடு 1989 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் கோஸ்டா மேசாவில் கூடியது. ஏதோ ஒரு கார்ட்டூனில் வந்த பாத்திரத்தின் வேடத்தைப் போடுவது இங்கே பெரிய வழக்கமில்லை. ஒவ்வொருவரும் தனக்கென ஒரு விலங்கைக் கற்பித்துக்கொள்கிறார்கள். அதன் நிறம், குணம், காதின் மடிப்பு எல்லாம் அவரவர் கற்பனை. கடையில் கிடைக்காத உருவம் என்பதால் பலரும் வீட்டுச் சமையல் மேசையிலேயே கத்தரிக்கோலை எடுக்கிறார்கள். அப்படித் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது வாலைத்தான். உடம்பளவு எடுக்க வேண்டாம், துணியும் கொஞ்சம் போதும், தையல் பழகாத கையும் துணிந்து இறங்கலாம். தலை, கைப்பாதங்கள், வால் மூன்றையும் மட்டும் அணிந்து மற்றபடி சாதாரண உடையில் வருகிறவர்களும் நிறைய.

சுலபமாகத் தொடங்கலாம் என்பதாலேயே வாலை எளிய வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தலையைச் செய்கிறவர் கண்ணின் கோணம், வாயின் வளைவு எல்லாவற்றையும் மேசையிலேயே முடித்துவிடலாம். அணிகிறவர் கண்ணாடி முன் நின்று சரிபார்க்கலாம். வாலை அப்படி முடிக்க முடியாது. அணிந்தவர் கண்ணுக்கு அது தெரியாது, அவர் கைக்கும் கட்டுப்படாது. எந்த இடத்தில் எவ்வளவு விறைப்பு, எந்த இடத்தில் எவ்வளவு தளர்வு என்று பங்கிட்டு வைப்பதோடு செய்பவரின் வேலை நின்றுவிடுகிறது. மிச்சத்தை எல்லாம் அணிபவரின் நடை செய்ய வேண்டும். தான் பக்கத்தில் இல்லாதபோது நடக்கப்போகும் அசைவை முன்கூட்டியே துணிக்குள் வைத்துத் தைப்பது லேசான கலையா?

இதற்குள் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. வயது வந்த ஒருவர் இயல்பாக நடக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 110 அடி வைக்கிறார். இடம் ஒன்று, வலம் ஒன்று சேர்ந்தால் இடுப்பின் ஒரு முழு ஆட்டம். அதற்கு 1 நொடிக்குச் சற்றுக் கூடுதலாகிறது. அடி பருத்து நுனி ஒடுங்கி 60 செ.மீ. நீளத்தில் தொங்கும் ஒன்றை லேசாகத் தள்ளிவிட்டால், அது போய்த் திரும்பவும் ஏறக்குறைய 1 நொடிதான் பிடிக்கிறது. ஊஞ்சலை அதன் தாளம் அறிந்து தள்ளும்போது சின்னத் தள்ளலுக்கே பெரிய வீச்சு கிடைப்பது இங்கேயும் நடக்கிறது. அந்த நீளத்து வாலுக்கு இடுப்பின் சிறு அசைவே போதும். பனிச்சிறுத்தையின் வால் வேறு. உயிருள்ள விலங்கிலேயே அது 1 மீட்டரைத் தொடும், அடி முதல் நுனிவரை பருமனும் அதிகம் குறையாது. அதே அளவில் செய்து தொங்கவிட்டால் ஒரு ஆட்டத்துக்கு 1.6 நொடி ஆகும். வேகமாக நடந்தால் வால் எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டு தடுமாறும். அதனால்தான் பனிச்சிறுத்தை உடை அணிந்தவர்களில் தேர்ந்தவர்கள் நிதானமாக, ஒவ்வொரு அடியையும் வைத்து வைத்து நடக்கிறார்கள். அந்த விலங்குக்கு அதுவே பொருத்தமான நடையாகவும் அமைந்துவிடுகிறது.

இடுப்பின் அசைவு வாலுக்குப் போய்ச் சேருவது பெல்ட் வழியாக. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வாலின் தலைப்பில் நடுவே ஒரே ஒரு வளையம் தைத்து பெல்ட்டைக் கோத்தால், வால் அந்த ஒரு புள்ளியில் தொங்கும். இடுப்பு முறுகும்போது அந்த முறுக்கு வாலுக்கு எட்டவே எட்டாது. இரண்டு வளையங்களை ஒன்றுக்கொன்று தள்ளித் தைத்தால் கதை மாறுகிறது. ஒரு பக்க இடுப்பு முன்னால் போகும்போது அந்தப் பக்க வளையமும் முன்னால் போகிறது. வாலின் அடி திரும்பியே ஆக வேண்டும். பெல்ட்டும் அகலமாக, தடித்ததாக இருக்க வேண்டும். மெல்லிய பெல்ட் பாரத்தில் வெளிப்பக்கம் புரண்டு, வாலின் தலைப்பு முதுகைவிட்டு இடைவெளி காட்டி நிற்கும். எத்தனை அழகான ரோமம் இருந்தாலும் அந்த ஒரு இடைவெளி போதும், வால் முளைத்தது இல்லை, மாட்டியது என்று காட்டிக்கொடுக்க.

உள்ளே என்ன வைப்பது? முதலில் எல்லாருக்கும் தோன்றுவது கம்பி. வளைத்த வடிவத்தில் நிற்கும், உடனே பலன் தெரியும். ஆனால் கம்பி வாலை நிற்கவைக்குமே தவிர ஆடவைக்காது. ஒரே இடத்தில் மடங்கி மடங்கி உலோகம் சோர்ந்து முறியும். முறிந்த முனை ரோமத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தால் கூட்டத்தில் யார் காலையாவது பதம் பார்க்கும். சிலர் லாக்-லைன் குழாயைப் போடுகிறார்கள். இயந்திரப் பட்டறைகளில் வெட்டுமிடத்துக்குக் குளிர்விக்கும் திரவத்தைச் செலுத்தும் பிளாஸ்டிக் குழாய் அது. ஒரு கண்ணியின் உருண்டை அடுத்த கண்ணியின் குழிக்குள் இறுக்கமாக உட்காரும். வைத்த வளைவில் அப்படியே நிற்கும் என்பதால் புகைப்படத்துக்குப் பிரமாதம். நடைக்கு உதவாது, அந்த இறுக்கமே ஆட்டத்தைத் தின்றுவிடும்.

மிக எளிய வழி பாலியஸ்டர் பஞ்சு. பைக்குள்ளிருந்து எடுத்ததை அப்படியே திணித்தால் உள்ளே கட்டி கட்டியாக நிற்கும். சின்னச் சின்னப் பிடியாக எடுத்து, இழை இழையாகப் பிரித்து ஊதவைத்துத்தான் உள்ளே அனுப்ப வேண்டும். அடியில் கொஞ்சம் கெட்டியாக, நடுவில் விரல் அமுங்கும் அளவுக்கு, நுனியின் கடைசி ஒரு சாண் ஏறக்குறைய வெறுமையாக. நுனிக்கு ரோமமே போதும். புதிதாகச் செய்கிறவர்கள் கை நிற்காமல் நுனிவரை பஞ்சை இடித்து நிரப்பிவிடுவார்கள்; பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், நடந்தால் தலையணை. வாலில் எதை வைக்கவில்லை என்பதைப் பார்த்துத்தான் செய்தவரின் தேர்ச்சியை நான் எடைபோடுகிறேன். நுனியில் பிளாஸ்டிக் குருணைப் பொட்டலம் ஒன்றை வைத்து வீச்சைக் கூட்டும் வழக்கமும் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. ஆட்டம் பெரிதாகும், ஆனால் அந்த மெல்லிய தாமதம் போய் ஒரு தடித்த ஊசல்தான் மிஞ்சும்.

தரையை நோக்கித் தொங்காமல் பின்னால் நீண்டு நிற்கும் வாலுக்குப் பஞ்சு போதாது. மெத்தை தைக்கும் கெட்டி ஃபோமில் தண்டு செதுக்க வேண்டும். இங்கே ஒரு நுட்பத்தை நான் வியந்து வியந்து பார்ப்பேன். ஃபோம் தண்டின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே சீரான இடைவெளியில் ஆப்பு வடிவத்தில் வெட்டிக்கொண்டே போகிறார்கள். இரண்டு பக்க வெட்டுகளும் நடுவரை வராமல் நின்றுவிடும். மேலிருந்து கீழாக ஒரு சுவர்போல ஃபோம் மட்டும் முழுதாக நிற்கும். அந்தச் சுவர் வாலைச் சாய விடாது. பக்கவாட்டிலோ, வெட்டுகள் வாய் மூடித் திறந்து, வால் தாராளமாக வளையும். ஒரே பொருள் ஒரு திசையில் விறைப்பு, மறு திசையில் குழைவு! நுனியை நெருங்க நெருங்க வெட்டுகளை நெருக்கமாகவும் ஆழமாகவும் போட்டால் அசைவு அடியிலிருந்து நுனிக்கு வளர்ந்துகொண்டே போகும். இன்னொரு முறையில் ஃபோமை வட்ட வில்லைகளாக வெட்டி, பெரிதிலிருந்து சிறிதாக நைலான் கயிற்றில் கோக்கிறார்கள். கயிற்றை இழுத்து முடிந்தால் வால் விறைக்கும், தளர்த்தினால் துவளும். பூனையின் வாலில் சுமார் 20 எலும்புகள் இதே ஒழுங்கில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. அடியில் தசை பற்றிக்கொள்ள முனைகள் நீட்டிய பெரிய எலும்புகள், நுனியில் வெறும் குச்சித் துண்டுகள். வால் செய்கிறவர்களில் சிலர் எலும்புக்கூட்டுப் படங்களைப் பார்த்து வேலை செய்வது சும்மா இல்லை.

இனி ரோமம். செயற்கை ரோமத் துணியில் அக்ரிலிக் இழைகள் பின்னல் அடித்துணியில் நிற்கின்றன. மேல்பக்கத்திலிருந்து கத்தரிக்கோலை ஓட்டினால் இழைகள் மழுங்கலாகத் துண்டாகி, எவ்வளவு சீவினாலும் மறையாத கோடு விழும். அதனால் துணியைக் கவிழ்த்து, பின்பக்கம் வரைந்த கோட்டில் பிளேடால் அடித்துணியை மட்டும் கீறுவார்கள். பிறகு இரு கையாலும் மெல்லப் பிரித்தால் ரோமம் வெட்டுப்படாமல் விலகி வரும். ரோமம் அடியிலிருந்து நுனியை நோக்கிப் படிய வேண்டும், அதற்காகப் பின்பக்கத்தில் அம்புக்குறி போட்டுக்கொள்வது நல்ல பழக்கம். தைக்கும் முன் ஓரத்து ரோமத்தை எல்லாம் விரலால் உள்பக்கம் ஒதுக்கிக் கவ்விவைப்பார்கள். தைத்து வெளியே திருப்பியதும் ஆழமான பள்ளமாகத் தையல் தெரியும். அப்போது நாய்க்குச் சீவும் கம்பிப்பல் சீப்பை எடுத்துத் தையலுக்குள் சிக்கிய இழைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் பள்ளம் நிரம்பி, தையல் எங்கே இருந்தது என்று தைத்தவருக்கே தெரியாமல் போகும்.

செந்நரியின் வெள்ளை நுனியைச் சேர்க்கும் இடத்திலும் ஒருவரின் பார்வைக் கூர்மை தெரிந்துவிடும். நேர்கோட்டில் வெட்டிச் சேர்த்தால் வாலுக்குச் சாக்ஸ் போட்டதுபோல நிற்கும். ரம்பப்பல்லாக வெட்டிச் சேர்த்தால் இரண்டு நிறமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கரையும். நரிக்கும் ஓநாய்க்கும் வாலின் மேல்புறம், அடிக்குச் சற்றுத் தள்ளி ஒரு வாசனைச் சுரப்பி இருக்கிறது. அதன்மேல் பெரும்பாலும் ஒரு கருந்திட்டு. அந்தச் சிறு திட்டையும் நினைவாக வைத்துத் தைத்த வாலைப் பார்த்தால் எனக்கு அந்தக் கையை வணங்கத் தோன்றும்.

வாலை அசைக்க வேறு வழிகளும் தேடியிருக்கிறார்கள். 1939-இல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தில் கோழைச் சிங்கமாக நடித்த பெர்ட் லாரின் வால், மேலே இருந்த ஒரு பணியாளர் கையிலிருந்த மெல்லிய நூலால் அசைக்கப்பட்டது. அந்த உடை உண்மையான சிங்கத்தோலில் தைத்தது. 2014 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 30 லட்சம் டாலருக்கும் மேல் போனது. இன்று சிறு மோட்டார் வைத்து வாலை ஆட்டுகிறார்கள். அவற்றில் என் மனதுக்கு நெருக்கமானவை, மோட்டார் அடியை மட்டும் திருப்பிவிட்டு மிச்ச நீளத்தைத் துணியின் போக்குக்கு விட்டுவிடுபவை. நுனிவரை கம்பியிழுத்துக் கட்டுப்படுத்துபவை எத்தனை சாமர்த்தியமானாலும் கண்ணுக்கு இயந்திரமாகவே படுகின்றன.

ஒரு நாள் விழாவில் வால் படும் பாடு கொஞ்சமில்லை. நாற்காலியில் நசுங்கும், கதவிடுக்கில் மாட்டும், தரைத்தூசியைக் கூட்டும். ஆகவே அடிப்பக்கத்தில் ஜிப் வைத்து, தண்டைத் தனியே உருவி எடுக்கும்படி தைப்பவர்களே முழுமையான வேலைக்காரர்கள். உறையை மட்டும் குளிர்ந்த நீரில் அலசி, மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். சூடு கூடவே கூடாது. இழை நுனிகள் பொசுங்கிச் சுருண்டால் திரும்ப நேராகாது. உலர்ந்த பின் ஃபோம் தண்டை உள்ளே நுழைக்கும்போது வெட்டுகள் சரியாக இடவலமாக நிற்க வேண்டும். கால்வட்டம் திரும்பிப் போனால் வால் பக்கவாட்டில் ஆடாது, மேலும் கீழும் தலையாட்டும். அதற்காகத் தண்டின் தலைப்பிலும் உறையின் வாயிலும் ஒரே நிற நூலில் ஒரு சின்ன அடையாளத் தையல் போட்டுவைப்பார்கள். வெளியே யாருக்கும் தெரியாத தையல் அது. ஒரு வாலைக் கையில் கொடுத்தால் ஜிப்பைத் திறந்து முதலில் அதைத்தான் தேடிப் பார்ப்பேன்.