முடி துறந்த இளவரசனும் காந்தளூர்ச் சாலையும்

அமரர் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வாரந்தோறும் வெளிவந்த காலத்தில், பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் மட்டுமன்றி நாகர்கோயிலும் குழித்துறையும்கூடத் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்து ஊர்களாகவே இருந்தன. கதை முடிந்த இரண்டரை ஆண்டில், 1956 நவம்பர் முதல் நாள், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. இப்பால் நின்றுவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்கும், பின்னர் உத்தியோகத்தின் பொருட்டும் வாணிகத்தின் பொருட்டும் வந்து குடியேறிய நம்மனோர்க்கும் அந்நூல் பிறந்தகத்துச் சீர்வரிசை போன்றது. வார இதழிலிருந்து கிழித்தெடுத்துத் தைத்த கட்டுகளாகவும், பிற்காலத்தில் ஐந்து பாகப் புத்தகங்களாகவும் அது வீட்டுக்கு வீடு கைமாறிற்று. ஒருவர் வாசிக்கப் பிறர் கேட்ட கதை அது.

அதனைத் திரையில் காணும் ஆவல் நெடுநாளையது. 1958இல் எம்.ஜி.ஆர். உரிமை பெற்றும் முயற்சி கைகூடவில்லை. 1999இல் மேஜிக் லாண்டர்ன் குழுவினர் சென்னையில் அதனை நாடகமாக மேடையேற்றினர். அந்நாடகத்தை எழுதிய குமரவேலும், குமரி மாவட்டத்தில் பிறந்த ஜெயமோகனும் இயக்குநர் மணிரத்னத்தோடு சேர்ந்து திரைக்கதை அமைக்க, முதற்பகுதி 2022 செப்டம்பர் 30ஆம் நாளும், இரண்டாம் பகுதி 2023 ஏப்ரல் 28ஆம் நாளும் வெளிவந்தன. ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் இருநூற்றுத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களை அடக்குவது எளிதன்று. இதை மறந்து பேசுவது முறையாகாது.

படத்தின் சிறப்புகளை முதலில் சொல்லிவிடுவோம். ரவிவர்மனின் ஒளிப்பதிவும் ஏ.ஆர். ரஹ்மானின் பின்னணி இசையும் தேசிய விருது பெற்றவை, அவ்விருதுகள் தகும். ஆதித்த கரிகாலனும் நந்தினியும் எதிரெதிர் நிற்கும் காட்சிகள் நூலின் வேகத்துக்குக் குறையாதவை. ஆழ்வார்க்கடியானாக ஜெயராமும், பூங்குழலியாகத் திருவனந்தபுரத்தில் பிறந்த ஐசுவர்யா லட்சுமியும் நடித்தது, மலையாளியரான நம் அண்டை அயலாரையும் கொட்டகைக்கு இழுத்தது. முகம் மணியம் வரைந்த ஓவியத்தோடு ஒத்துவரவில்லை, கொண்டை சரியில்லை என்ற முறையீடுகளை நாம் பொருட்படுத்தவில்லை. மணிமேகலையை அடியோடு நீக்கியது வருத்தந்தான். எனினும் அவளின்றியும் கதை நடக்கும்.

நடவாதது ஒன்றுண்டு. நூலின் ஐந்தாம் பாகத்துக்குக் கல்கி இட்ட பெயர் 'தியாக சிகரம்'. அச்சிகரத்தின் அடிவாரம் எங்கே இருக்கிறது? தஞ்சையில் பூத்தொண்டு செய்துவரும் சேந்தன் அமுதன் என்னும் எளிய இளைஞனிடத்தே இருக்கிறது. ஊமைத் தாயொருத்தி வளர்த்த அவனே செம்பியன் மாதேவியின் வயிற்றுப் பிள்ளை. அதுவரை மதுராந்தகன் என்று அரண்மனையில் வளர்ந்தவன் வேறொருத்தி மகன். இவ்வுண்மை வெளிப்பட்ட பின்னர், நாடே தன்னை அரசனாக்க விரும்பியிருந்தும், அருண்மொழி தனக்கென வைத்த மகுடத்தை எடுத்து, அதனைக் கனவிலும் நாடாத சேந்தன் அமுதன் தலையிற் சூட்டுகிறான். அலைகடலில் தனியே படகோட்டித் திரிந்த பூங்குழலி அரசியாவதும் இதனால்தான்.

திரைப்படத்தில் இந்த ஆள்மாறாட்டக் கதையே இல்லை. சிற்றரசர்களின் துணையோடு அரியணைக்கு உரிமை கோரிய அதே மதுராந்தகனுக்கே முடி சூட்டப்படுகிறது. கேட்டவனுக்குக் கொடுப்பது சமரசம். கேளாதவனைத் தேடிக் கொடுப்பதுதான் தியாகம். படத்தில் எஞ்சியது சமரசமே. சேந்தன் அமுதன் ஓரத்தில் வந்துபோகும் ஒருவனாகச் சுருங்கிவிட்டான். பூங்குழலியோ கரையேறும் வழியின்றிக் கடலிலேயே விடப்பட்டாள்.

இதற்கு இயக்குநர் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. கல்வெட்டுகள் அறிந்த உத்தம சோழன் ஒருவனே, கண்டராதித்தர்க்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்தவன். பிள்ளை மாறிய செய்தி கல்கியின் கற்பனை. ஆகவே படம் கல்வெட்டை அணுகியது, கல்கியை விட்டு அகன்றது எனலாம். ஆனால் தியாகம் மட்டும் கற்பனையன்று. குடிமக்கள் வேண்டியும், சிற்றப்பனுக்கு விருப்பமுள்ளவரை அரசை மனத்தாலும் விரும்பாது அருண்மொழி விலகி நின்றதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. செப்பேட்டில் கிடந்த அந்த விதையைக் கல்கி மரமாக வளர்த்தார். படம் மரத்தை வெட்டி விதையை மட்டும் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

தஞ்சையிலும் சென்னையிலும் இருப்போர்க்கு இது பெருங்குறையாகத் தோன்றாதிருக்கலாம். அவர்களுக்குப் புலிக்கொடியும் பெரிய கோயிலும் உண்டு. இந்த எல்லையில் வாழும் நமக்குச் செய்தி வேறு. 985இல் அரியணையேறிய அருண்மொழி, ராஜராஜனாகித் தன் கல்வெட்டுகளில் பெருமையோடு பொறித்துக்கொண்ட முதற்செயல் காந்தளூர்ச் சாலையிற் கலமறுத்தது. அச்சாலை திருவனந்தபுரத்து வலியசாலையே என்பர் சிலர். விழிஞத்தை அடுத்தது என்பர் வேறு சிலர். கலம் என்பது மரக்கலமா, மாணாக்கர் உண்ட கலமா என்ற வழக்கும் தீரவில்லை. எதுவாயினும், களியக்காவிளைக்கு அப்பால் முஞ்சிறையை அடுத்த பார்த்திபசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் ஒரு சாலை நிறுவியபோது, காந்தளூர் நெறியையே அதற்கு முன்மாதிரியாகக் கொண்டான் என்று செப்பேடு சொல்கிறது. கல்விக்குப் பேர்பெற்ற அப்படிப்பட்ட இடத்தைத் தாக்கியவனையே நாம் செல்லமாகப் பொன்னியின் செல்வன் என்கிறோம். மலையாள நண்பர் ஒருவர் இதனைச் சுட்டினால் நாம் என்ன விடை கூறுவோம்?

கல்கி விடை வைத்திருக்கிறார். அவர் கதையை முடிசூட்டு விழாவோடு நிறுத்திவிட்டார். படையெடுப்புகள் வரும் முன்பே நிறுத்திவிட்டார். நாம் நேசிப்பது வென்ற ராஜராஜனையன்று, கொடுத்த அருண்மொழியையே. இது தமிழர்க்கு மட்டும் உரிய மனப்போக்கும் அன்று. நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயிலில் பேணிக் காக்கப்படும் அம்மச்சிப்பிலாவை நம் பிள்ளைகள் அறிவர்; பகைவர்க்கு அஞ்சி இளவரசர் மார்த்தாண்டவர்மர் ஒளிந்த பலாப்பொந்து அது என்பது வழக்கு. அவரும் பின்னர் நாடு பல வென்று 1741இல் குளச்சலில் டச்சுக்காரரையும் முறியடித்த மன்னரே. ஆனால் 1891இல் சி.வி. ராமன் பிள்ளை எழுதி மலையாளிகள் நெஞ்சில் நிறுத்திய 'மார்த்தாண்டவர்மா' நாவலில் அவர் துரத்தப்படும் இளவரசர். (அந்நாவலையும் நாகர்கோயில் சுந்தர்ராஜ் என்பார் 1933இல் ஊமைப்படமாகத் தயாரித்து, பதிப்புரிமை வழக்கில் இழந்தார். நாவலைப் படமாக்குவோர்க்கு ரசிகரின் ஏச்சு மட்டுமா வருகிறது?)

ஆகவே தியாகத்தின் எடை குறைந்தால் நம் கையில் எஞ்சுவது வெற்றிவீரன் ஒருவனே. முதற்பகுதியே போர்க்களத்தோடு தொடங்குகிறது. நூலோ ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையை மெல்ல விட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்பதில் தொடங்குகிறது. அந்நிதானமும், ஆழ்வார்க்கடியான் சைவரோடு மல்லுக்கு நிற்கும் வாய்ச்சாலகமும் இல்லாமற் போனதில் வேறோர் இழப்பும் உண்டு. நம் பிள்ளைகளிற் பலர் பள்ளியில் மலையாளமோ ஆங்கிலமோ கற்கின்றனர். தமிழ் அவர்களுக்குச் செவிவழியே வருவது. திரையில் பாத்திரங்கள் பேசுவது செந்தமிழுமன்றி வழக்குமன்றி இடைப்பட்டதொரு நல்ல தமிழ். அதில் இன்னும் நான்கு வாக்குவாதங்கள் கேட்டிருந்தால் யாருக்கு என்ன நட்டம்?

இரண்டாம் பகுதியின் இறுதியில் மதுராந்தகனுக்கு மகுடம் சூட்டப்பெற்றபோது, நம் அருகிலிருந்த உறவுக்காரச் சிறுவன், "கேட்டாரு, குடுத்துட்டாரு, அவ்வளவுதானே மாமா?" என்றான். நூலில் அதற்குரிய விடை ஐந்தாம் பாகத்தில் இருக்கிறது. அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. வரும் ஆடிப் பதினெட்டன்று ஏரிக்கரைக் காட்சியிலிருந்து அவனுக்கு வாசித்துக் காட்டத் தொடங்குவதாக இருக்கிறோம்.