நடுகல்லிலிருந்து கைத்தொலைபேசிக்கு: வீரரை அழைத்தல் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

கார்ல் மார்க்ஸ் 1857 ஆம் ஆண்டு தமது பொருளியல் ஆய்வுக்கு எழுதிய முன்னுரைக் குறிப்பிலே கிரேக்கக் கலை பற்றி ஒரு வினாவை எழுப்பினார். வெடிமருந்தும் ஈயக்குண்டும் வந்துவிட்ட காலத்தில் அக்கிலீசு என்னும் வீரன் சாத்தியமா என்பது அவ்வினாவின் சாரம். கலை வடிவம் ஒவ்வொன்றும் சமுதாய வளர்ச்சியின் குறிப்பிட்டவொரு கட்டத்தோடு பிணைந்துள்ளது என்பதை வற்புறுத்தும் பொருட்டே அவர் அவ்வாறு வினவினார். இன்று அவ்வினாவுக்கு எதிர்பாராத திசையிலிருந்து ஒரு விடை கிடைத்துள்ளது. யப்பானில் 2015 யூலை இறுதியில் வெளியான ‘ஃபேட்/கிராண்ட் ஓர்டர்’ என்னும் கைத்தொலைபேசி விளையாட்டில் அக்கிலீசு இருக்கிறான். நமது பாரதக் கதையின் கர்ணனும் அருச்சுனனும் அசுவத்தாமனும் இருக்கின்றனர், இராமனும் உளன். அக்கிலீசு சாத்தியமே. ஆனால் அவனைப் போன்ற உச்சத் தர வீரர் எவரேனும் ஒருவர் ஓர் அழைப்பிற் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று மாத்திரமே.

இவ்விளையாட்டை ஆய்வுப் பொருளாகக் கொள்வதற்கு நம்மைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சியாகும். புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் மதுரங்குளியை அடுத்துள்ள கனமூலைக்கு ஒரு விடுமுறையின்போது சென்றிருந்தோம். அங்கே உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர், மத்திய கிழக்கில் உழைக்கும் தமையன் அனுப்பிய கைத்தொலைபேசியில் கர்ணனை அழைத்துக்கொண்டிருந்தார். பல மாதங்களாக அழைக்கிறார் என அறிந்தோம். ஒரு சதமும் செலவிடவில்லை என்பதை அவர் பெருமையுடன் கூறினார். “கர்ணன் இன்னும் வரல்ல சேர், ஆனா இரவலுக்குக் கிடைக்கிறார்” என்றார். அவ்விரு வசனங்களையும் விளங்கிக்கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

2

முதலில் வடிவத்தை நோக்குவோம். நாணயமிட்டுத் திருகினால் உருண்டையொன்றுள் அடைபட்ட பொம்மையை வெளித்தள்ளும் இயந்திரங்கள் யப்பானியக் கடைத்தெருக்களில் உள்ளன. எந்தப் பொம்மை வரும் என்பது வாங்குபவனுக்குத் தெரியாது. அவ்வியந்திரத்தின் பெயரிலிருந்தே ‘காச்சா’ என்ற சொல் இவ்வகை விளையாட்டுக்களுக்கு வந்தது. ஃபேட் விளையாட்டில் நாணயத்தின் இடத்தைப் ‘புனிதப் படிகம்’ பெறுகிறது. மூன்று படிகங்களுக்கு ஓர் அழைப்பு. படிகத்தை நாள்தோறும் வருகை தந்தும், பணிகளை முடித்தும், பணம் கொடுத்தும் பெறலாம்.

ஐந்து நட்சத்திர வீரனுக்குரிய வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று எனின், நூறு முறை அழைப்பவனுக்கு அவ்வீரன் வந்தே தீர்வான் எனச் சாதாரண மனம் கணக்கிடுகிறது. கணிதம் அவ்வாறு கூறவில்லை. நூறு முறை அழைத்த நூறு பேரில் ஏறத்தாழ முப்பத்தேழு பேர் வெறுங்கையுடன் நிற்பர். முந்நூறு முறை அழைத்தாலும் ஏறக்குறைய ஐவருக்கு ஒருவனும் வரமாட்டான். குறித்தவொரு வீரனையே வேண்டுவோருக்கு வாய்ப்பு இதனினும் குறைவு. 2022 ஆம் ஆண்டில் யப்பானியப் பதிப்பிலே, முந்நூற்று முப்பதாவது அழைப்பிலாவது சிறப்பு வீரன் உறுதியாக வருவான் என்ற ஏற்பாடு புகுத்தப்பட்டது. விளையாடுவோர் இத்தகைய ஏற்பாட்டை ‘இரக்கம்’ என்னும் பொருள்படும் சொல்லாற் குறிப்பிடுவர். இரக்கத்துக்கும் எண்ணொன்று குறிக்கப்பட்டுவிட்டது.

வீரன் ஒருமுறை வந்துவிட்டால் ஆசை தீர்ந்துவிடுவதுமில்லை. அவனது பேராயுதத்தின் வலிமையை உச்சத்துக்குக் கொண்டுசெல்ல, அதே வீரன் ஐந்து முறை கிடைத்தாக வேண்டும். களத்திற் போராடுவதற்கான ஆற்றல், ஐந்து நிமிடத்துக்கு ஓர் அலகாக மீளுகிறது. எனவே விளையாட்டு நாளின் ஒழுங்கைத் தானே வகுத்துக்கொடுக்கிறது. தொழிற்சாலைச் சங்கு ஊதிய வேளைகளுக்கு ஒப்பான வேளைகள் ஓய்வு நேரத்துக்குள்ளும் வந்து சேர்ந்துள்ளன.

3

இனி வீரரை அழைத்தல் என்னும் செயலின் வரலாற்றை நோக்குவது பொருத்தமாகும். பண்டைத் தமிழகத்தில் நிரை மீட்டு வீழ்ந்தவனுக்குக் கல்லெடுத்தனர். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என அதன் படிகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. கல்லைத் தேடிக் காண்பதும் கொணர்வதும் நீராட்டுவதும் நடுவதும் தனியொருவரது செயல்களல்ல, குழுவின் கூட்டுழைப்பு. அவ்வுழைப்பினூடாகவே இறந்தவன் ஊரின் காவலனாகத் திரும்பி வந்தான். 1968 இல் ஒக்ஸ்போர்ட்டில் வெளிவந்த தமது ஆங்கில ஆய்வில், பேராசிரியர் க. கைலாசபதி அவர்கள் சான்றோர் செய்யுட்களை வீரநிலைக் கவிதைகளாகவும் பாணர் வாய்மொழி மரபின் விளைபொருளாகவும் விளக்கினார். வீரனது புகழ் சமூக உறவொன்றின் விளைபொருள் என்பதை அவ்வாய்விலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

இதனைக் கூறும்போது பழமையைப் பொற்காலமாகக் காட்டும் தவறுக்கு நாம் இடமளித்தலாகாது. பாணனின் பாட்டு தலைவனுக்குப் பணிபுரிந்தது; பாணனோ பசியோடு அலைந்தான். ஆயினும் வீரனை அழைத்தவர்கள் அவனை அழைப்பதன் பொருட்டு ஒன்றுகூடினர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

அக்கூட்டுத்தன்மையின் எச்சங்கள் கனமூலையின் அயலிலேயே உள்ளன. இக்கரையில் தெற்கே அமைந்த உடப்பிலே, திரௌபதி அம்மன் ஆலயத்தில் ஆடி மாதத்தில் தீமிதிப்பு நிகழ்கிறது. கடற்றொழிலாளரின் ஊரொன்று பாரதக் கதையைத் தன் கதையாக ஆண்டுதோறும் மீட்டெடுக்கிறது. முஸ்லிம் மக்களிடையேயும் வீரரை அழைக்கும் மரபு வேறொரு வடிவில் நிலவியது. ‘சக்கூன் படைப்போர்’, ‘செய்யிதத்துப் படைப்போர்’ முதலிய இஸ்லாமியத் தமிழ்ப் படைப்போர்கள், அலி முதலிய வீரர்களின் போர்களைக் கற்பனை கலந்து பாடின. ஒருவர் ஓதப் பலர் கேட்டல் அவற்றின் வாழ்வு முறையாக இருந்தது. கேட்டவர்கள் அதற்காக வீரனை வாங்க வேண்டியிருக்கவில்லை.

கர்ணனும் இவ்வாறே பல சமூகங்களின் பொதுவுடைமையாக வளர்ந்தவன். வில்லிபுத்தூரார் பாடினார், கூத்தர் ஆடினர், யாவாவின் நிழற்கூத்தும் அவனை ஏற்றது. 1964 இல் வெளியான பி. ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ திரைப்படம், மத வேறுபாடின்றி ஈழத்துத் தமிழ்பேசும் மக்களிடம் அவனைக் கொண்டுசேர்த்தது. தேரோட்டி மகன் என இகழப்பட்டவன் பிறப்பினாலன்றிச் செயலினால் உயர்ந்தான் என்பதே, ஒடுக்கப்பட்டோர் நெஞ்சில் அவன் பெற்ற இடத்துக்கு அடிப்படை. ஆகையால் யப்பானியர் நமது கர்ணனை எடுத்துக்கொண்டனர் என்ற முறைப்பாட்டில் நியாயம் இல்லை. அவன் உலகெங்கும் பரவுகிறான் எனப் பெருமைகொள்வதும் அத்தகையதே. எல்லை கடப்பது காவியத்தின் இயல்பு. எத்தகைய உறவினூடாகக் கடக்கிறது என்பதே நமது வினா.

4

விளையாட்டின் கதைப்பகுதி முற்றிலும் வெறுமையானது எனக் கூறுதல் நேர்மையாகாது. 2004 இல் வெளியான ‘ஃபேட்/ஸ்டே நைட்’ என்னும் கதை விளையாட்டிலிருந்து கிளைத்த நீண்ட புனைவு மரபொன்று இதற்கு உண்டு. 1783 ஆம் ஆண்டின் அமெரிக்காவைக் களமாகக் கொண்ட அத்தியாயத்திலே, கர்ணனும் அருச்சுனனும் மீண்டும் எதிரெதிரே நிற்கின்றனர். வெற்றி பெற்ற அருச்சுனனின் உள்ளத்தில் தங்கிவிட்ட இருளையும், தோற்ற கர்ணனின் தெளிவையும் அது காட்ட முயல்கிறது. கர்ணனுக்கு அங்கே ‘கொடையின் வீரன்’ என்ற அடைமொழியும் வழங்குகிறது. கவச குண்டலங்களை இந்திரனுக்கு அறுத்தளித்த செய்தியும், அதற்கு ஈடாகப் பெற்ற சக்தி ஆயுதமும் அவனது போர்த்திறனாகவே வடிக்கப்பட்டுள்ளன. எழுதியவர்கள் பாரதத்தைக் கற்றிருக்கின்றனர் என்பதில் ஐயமில்லை.

உள்ளடக்கத்துக்கும் வடிவத்துக்கும் இடையிலுள்ள முரண்பாடு இங்கேதான் வெளிப்படுகிறது. கேட்டவர்க்கு இல்லையென்னாதவன் எனக் கதை போற்றும் வீரனை, கேட்டவரிற் பெரும்பாலோர்க்கு இல்லையென்று கூறும் இயந்திரத்தினூடாகவே பெறவேண்டியுள்ளது. கதை கொடையைப் பாடுகிறது. வடிவம் பற்றாக்குறையை விற்கிறது. இப்பற்றாக்குறை இயற்கையானதன்று. கடலில் மீன் குறைவதற்கும் வயலில் நீர் குறைவதற்கும் பொருளியற் காரணங்கள் உண்டு. கணினியிலுள்ள கர்ணனின் உருவத்தைப் பத்து இலட்சம் பேருக்குப் படியெடுத்துக் கொடுப்பதற்கோ மேலதிக உழைப்பு ஏறத்தாழத் தேவையில்லை. அவன் அரியவனாக இருப்பது, அரியவனாக்கப்பட்டதனாலேயே. மனித உறவுகள் பொருள்களின் பண்புகளாகத் தோற்றமளிக்கும் மாயையை ‘மூலதனம்’ முதலாந் தொகுதியில் மார்க்ஸ் விளக்கினார். இங்கே உரிமையாளர் வகுத்த விகிதமொன்று வீரனின் தெய்வீக அருமையாகத் தோன்றுகிறது.

பாரதத்தையே நாம் மீள நினைத்தல் வேண்டும். அக்காவியத்தின் பேரழிவு சூதிலிருந்து பிறக்கிறது. நாடும் தம்பியரும் தானும் துணைவியும் ஒன்றன்பின் ஒன்றாகப் பணயமாயினர். இழந்ததை மீட்க இன்னுமொரு முறை எறியலாம் என்ற எண்ணமே தருமனை வீழ்த்தியது. ‘இன்னும் ஒரு முறை’ என்பதே இன்றைய அழைப்புத் திரையின் தர்க்கமும் ஆகும். சூதினாற் கெட்டோரின் கதையில் வரும் வீரர்கள் இன்று சூதின் பணயப் பொருளாக மாறியுள்ளனர். அன்று காவியம் சூதை விமர்சித்தது. இன்று சூது காவியத்தை விநியோகிக்கிறது.

அரசுகள் இதனை அறியாதிருக்கவில்லை. குறித்த சில பொருள்களை முழுத் தொகுதியாகச் சேர்த்தவர்க்கே பரிசு என்ற காச்சா வகையை, யப்பானிய நுகர்வோர் விவகார முகவரகம் 2012 இற் சட்டத்துக்கு மாறானதென அறிவித்தது. விளையாட்டுக்களிலுள்ள சில குலுக்கற் பெட்டிகள் சூதாட்டமே என 2018 இற் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு முடிவு செய்தது. வாய்ப்பு விகிதங்களை வெளிப்படுத்துமாறு அப்பிள் நிறுவனம் 2017 இல் விதித்தது. இவை பயனுள்ளவை. ஆயினும் விகிதத்தை அறிவித்தல் உறவை மாற்றிவிடாது.

5

ஒரு சதமும் செலவிடாத கனமூலை மாணவர் இவ்வுறவுக்கு வெளியே நிற்கின்றாரா? இல்லையென்றே கூறவேண்டும். பணம் கொடுப்போர் தம் வீரரைக் காட்டி மகிழ்வதற்குப் பணம் கொடாதோரின் கூட்டம் தேவை. அவர் தமது நேரத்தாலும் நாள்தோறும் தரும் வருகையாலும் அக்கூட்டத்தை உருவாக்குகிறார். கர்ணனின் வரலாற்றுக் குறிப்புக்கூட, அவனோடு பலமுறை களமாடிப் ‘பிணைப்பு’ நிலை உயர உயரவே பகுதி பகுதியாகத் திறக்கும். கதை கேட்பதே உழைப்புக்கான கூலியாகிவிட்டது. இவ்வளவு உழைத்தும் அவருக்கு உடைமை எதுவுமில்லை. 2018 இல் தொடங்கிய ‘டிராகலியா லொஸ்ட்’ என்னும் இதே வகை விளையாட்டின் சேவை 2022 நவம்பர் 30 இல் நிறுத்தப்பட்டபோது, அதில் வீரரைச் சேர்த்தோர் அனைவரும் அவர்களை ஒரே நாளில் இழந்தனர். நடுகல் மழையில் நனைந்து ஆயிரம் ஆண்டுக்கு மேலும் நின்றது. வாடகை வீரனுக்கு அந்த ஆயுள் இல்லை.

முற்போக்காளரிற் சிலர் இதனைச் சீரழிவுப் பண்பாடு என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவர். ஊர்ப் பெரியோர் சூது என்று கண்டிப்பர். கண்டனத்தில் உண்மையுண்டு, விளக்கம் இல்லை. தமையனின் உழைப்பு தூர தேசத்துக்கு விற்கப்படும் வீட்டில், பரீட்சையும் வேலையின்மையும் எதிரே நிற்கும் வயதில், இகழப்பட்டு உயர்ந்த வீரனொருவன் தன் பக்கம் நிற்கவேண்டும் என ஓர் இளைஞன் விரும்புவது இழிவான விருப்பமன்று. அவ்விருப்பம் நியாயமானது, அதன்மேல் விதிக்கப்பட்ட வாடகையே நியாயமற்றது.

மாணவர் கூறிய இரண்டாவது வசனம் இங்கே பொருள் பெறுகிறது. இவ்விளையாட்டிலே, முன்பின் அறியாத ஒருவர் தம்மிடமுள்ள வீரனை மற்றொருவரின் போருக்குத் துணையாக அனுப்ப முடியும். கொடுப்பவருக்கு இழப்பெதுவும் இல்லை. கனமூலையிலுள்ள மாணவரோடு சேர்ந்து பொருதவன், எங்கோ ஒரு நாட்டிலுள்ள யாரோ ஒருவரின் இரவற் கர்ணன். நிறுவனம் இக்கொடுக்கல் வாங்கலையும் ‘நட்புப் புள்ளி’களாக எண்ணி நாணயமாக்கிவிட்டது உண்மையே. எனினும் பகிர்ந்தாற் குறையாத பொருளைப் பகிரலாம் என்பதை அவ்வடிவம் தன்னையறியாமலே ஒப்புக்கொள்கிறது. அவ்வாறெனின் நூற்றிலொரு வாய்ப்பு எதற்காக என்ற வினா அங்கிருந்தே எழுகிறது.

அம்மாணவரிடம் அவ்வினாவைக் கேட்டோம். சிறிது நேரம் சிந்தித்துவிட்டு, “அப்படியெண்டா எல்லாருக்கும் குடுக்கலாம்தானே சேர்” என்றார். இலக்கியத் திறனாய்வு இனிக் கதையோடு நின்றுவிடாது, கதை எவ்விதியின்கீழ் வாசகனை வந்தடைகிறது என்பதையும் வாசித்தல் வேண்டும். அவ்வாசிப்பைக் கனமூலையில் ஒருவர் ஏற்கெனவே தொடங்கிவிட்டார்.