விலை கொடுத்தவன்

வைகாசி பிறந்தால் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் கண்ணகி கோயில்கள் கதவு திறக்கும். ஆண்டு முழுவதும் அடைத்துக் கிடந்த சந்நிதிகளில் உடுக்கொலி எழும், வழக்குரை பாடப்படும், குளிர்த்தியோடு சடங்கு நிறைவுறும். ஆரையம்பதியிற் பிறந்து வளர்ந்தவன் எவனும் அந்த ஓசையைக் கேளாது வளர்ந்திருக்க முடியாது. இரு ஆண்டுகளுக்கு முன்னர், அத்தகையதொரு சடங்குக்கு மறுநாட் காலை, உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் ஒரு வினா எழுப்பினாள். “சேர், அரசன்மேல் வழக்கு, தட்டான்மேற் பழி, மாதவிமேலும் பழி. கோவலன்மேல் மட்டும் ஏன் ஒரு வழக்கும் இல்லை?”

அன்று நான் கூறிய விடை எனக்கே திருப்தி தரவில்லை. இக்கட்டுரை அவ்விடையைத் திருத்தும் முயற்சி எனலாம்.

கோவலன் யார்? கற்புக்கரசியின் கணவன் என்பதும் ஊழ்வினையாற் கொலையுண்டவன் என்பதும் நாம் மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பவை. ஆயின் காப்பியத்தின் தொடக்கத்தில் அவன் ஆற்றும் முதற் செயல் யாது? நகர நம்பியர் திரியும் மறுகிலே கூனி ஒருத்தி விலை கூறி நின்ற மாலையை 1008 கழஞ்சு பொன் கொடுத்து வாங்கியதே அது. நமது முதற் காப்பியத்தின் கதை ஒரு வாணிகச் செயலில் தொடங்குகிறது. விலை குறிக்கப்பட்டிருக்கிறது, கொடுத்தவன் பெயரும் குறிக்கப்பட்டிருக்கிறது. இளங்கோ நேர்மையான கணக்கர்.

அவர் இன்னொன்றும் செய்கிறார். பொருளெல்லாம் தொலைத்து வீடு திரும்பும் கோவலன், வஞ்சம் பொருந்திய ஒருத்தியோடு கூடியதாலேயே தன் குலச் செல்வம் அழிந்தது என்று மனைவியிடம் முறையிடுகிறான். இது எல்லாக் காலத்து ஆடவரும் அறிந்த முறையீடு. ஆனால் மதுரையை நெருங்கிய பின்னர், கோசிகன் கொணர்ந்த மாதவியின் ஓலையைப் படித்ததும், குற்றம் அவளிடத்தில் இல்லை, தன்னிடத்திலேயே என்று உணர்ந்து கொள்கிறான். அந்த ஒரு கணத்திற்காகவே கோவலனை நான் மதிக்கிறேன். எங்கள் வழக்குரையிலோ ஒரு பகுதிக்குப் ‘பொன்னுக்கு மறிப்பு’ என்று பெயர். மாதவி பொன்னுக்காகக் கோவலனை மறித்து வைத்தாள் என்பது கதை. வாங்கியவன் அங்கே மறிக்கப்பட்டவனாகிவிட்டான்! காப்பியத்தில் தன் குற்றத்தைத் தானே கண்டவன், மக்கள் மரபில் இரங்கத்தக்கவனாக மாறிவிடுகிறான். மாணவியின் வினாவுக்கு விடை இந்த மாற்றத்திலேயே இருக்கிறது.

பழங்கதையை இவ்வளவு தூரம் இழுப்பானேன் என்று வாசகர் கேட்கலாம். நான் பேச வந்த பொருள் கற்பு அன்று, உடல்நலம். பணம் கொடுத்துப் பெண்ணிடம் செல்லும் ஆண்களை ஆணுறை அணியச் செய்வது எவ்வாறு என்பது, கடந்த 40 ஆண்டுகளாக மருத்துவர்களும் சமூக ஊழியர்களும் முயன்றுவரும் காரியம். அந்தக் காரியத்தில் நமது மொழிக்கும் இலக்கியத்துக்கும் பங்கு என்ன என்பதே என் விசாரணை. கோவலனை மறந்துவிட்டு இதனைப் பேச முடியாது.

1986ஆம் ஆண்டு சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவும், பாலியல் தொழிலில் ஈடுபட்ட பெண்களின் குருதியை ஆராய்ந்து, இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி இருப்பதை முதன்முதலாகக் கண்டறிந்தனர். துணிவான ஆய்வு, போற்றத்தக்கது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காவலில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்தே அக்குருதி எடுக்கப்பட்டது; அவர்களிடம் சென்ற ஆண்கள் ஒருவரும் காவலில் இல்லை. ஆய்வாளரின் பிழை அன்று இது. அவர்கள் கைக்கெட்டியவர் அவர்களே. கைக்கெட்டாதவன் என்ற சலுகை ஆணுக்கு நெடுங்காலமாக உண்டு. 1868இல் பிரித்தானிய ஆட்சி இந்தியாவிற் கொண்டுவந்த தொற்றுநோய்ச் சட்டம், படைவீரரைப் பால்வினை நோயிலிருந்து காப்பதற்காகப் பெண்களைப் பதிவுசெய்து, கட்டாயச் சோதனைக்குட்படுத்தி, நோயுற்றவளை மருத்துவமனையிற் பூட்டி வைத்தது. 1888இல் அது நீக்கப்பட்டது. நம் நாட்டில் 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இன்றும் தெருவில் நிற்கும் பெண்ணைப் பிடிப்பதற்கு உதவுகிறது. அவள் கைப்பையில் ஆணுறை இருந்தால் அதனையே குற்றத்துக்குச் சான்றாகப் பொலிசார் கொண்ட செய்திகளும் உண்டு. ஒரு கையால் உறையை வழங்கி, மறு கையால் அதனைச் சான்றுப் பொருளாக்கும் அரசு!

இனி இலக்கியத்துக்கு வருவோம். நமது முற்போக்கு இலக்கியம் விலைமகளைக் கண்டு முகஞ்சுளிக்கவில்லை என்பது நமக்குப் பெருமை. புதுமைப்பித்தன் 1930களிலேயே ‘பொன்னகரம்’ எழுதினார். அடிபட்டுக் கிடந்த கணவனுக்காகச் சந்து இருளுக்குட் செல்லும் அம்மாளுவை நாம் மறக்கவில்லை. அவளோடு சென்றவன் யார்? நெடுநாளாக அவள்மேற் கண் வைத்திருந்த ஒருவன், அவ்வளவே. அவனுக்குப் பெயரில்லை, முகமில்லை, தொழிலில்லை. அச்சிறுகதையின் வேகத்துக்கு அந்த நிழலுரு போதுமானதே. புதுமைப்பித்தனைக் குறைகூற நான் துணியேன். அவருக்குப் பின் வந்த நாமோ அந்நிழலை அப்படியே விட்டுவிட்டோம். சில வேளை அவனுக்கு முகம் கொடுத்தோம்; அப்போதும் முதலாளியின் முகத்தை, நிலச்சுவான்தாரின் முகத்தையே கொடுத்தோம். பெண் வறுமையின் சின்னம். ஆண் சுரண்டலின் சின்னம். வசதியான ஏற்பாடு! லொறிச் சாரதி, கடற்றொழிலாளி, கொழும்பிற் கட்டடம் கட்டப்போன கூலியாள், படைச் சிப்பாய், சம்பள நாளன்று நகருக்கு வரும் எழுதுவினைஞன், ஏன், ஆசிரியன் — விலை கொடுப்போருட் பெரும்பாலோர் நாம் யாருக்காக எழுதுகிறோம் என்று சொல்லிக்கொள்கிறோமோ அவர்களே. அவர்களுக்கு வேலைநிறுத்தத்தைப் பற்றி எழுதினோம். ஓர் உறையைப் பற்றி எழுத நாணினோம்.

விதிவிலக்கு உண்டு. ஜி. நாகராஜன் 1963இல் வெளியிட்ட ‘குறத்தி முடுக்கு’ என்னும் குறுநாவலில், அத்தெருவுக்குச் செல்லும் ஆண் தானே கதை சொல்கிறான். அவன் அரக்கனுமல்லன், தியாகியுமல்லன். பத்திரிகைத் தொழில் செய்யும் சாமானியன். நாகராஜனை ஒழுக்கக்கேட்டின் எழுத்தாளர் என்று ஒதுக்கியோருள் நம்மவரும் இருந்தனர். மட்டக்களப்பில் ஆசிரியராக வாழ்ந்த எஸ்.பொ. ‘தீ’ எழுதி ஆணின் காம அனுபவத்தைப் பேசவைத்தபோதும் நாம் மூக்கைப் பொத்திக்கொண்டோம். அந்நூல்களின் கலைத்தரத்தை இங்கே அளக்க வரவில்லை. ஆணைப் பேசவிட்டால் அவன் என்ன நினைக்கிறான் என்பதாவது தெரியவரும் என்பதே என் கருத்து.

அவன் என்ன நினைக்கிறான்? எனது பழைய மாணவன் ஒருவன், தலைநகரில் வேலை பார்ப்பவன், ஒருமுறை மனம் விட்டுப் பேசினான். “சேர், அவள் சுத்தமானவள். பார்த்தால் தெரியாதா?” என்றான். இந்தச் சொற்களை நான் பல நாள் எண்ணிப் பார்த்தேன். பார்த்தால் தெரியும் என்று அவனுக்குக் கற்பித்தவர் யார்? நமது கதைகளிலும் திரைப்படங்களிலும் நோயுற்ற விலைமகள் எப்போதும் உருக்குலைந்தவளாகவே வருகிறாள். கண்கள் குழிந்து, மேனி வாடி, இறுதிக் காட்சியில் இறப்பாள். அந்தப் படம் மனதிற் பதிந்தவன், மலர்ந்த முகமுள்ள பெண்ணைக் கண்டதும் அஞ்சவேண்டியதில்லை என்று முடிவுகட்டுகிறான். எச்.ஐ.வி. கிருமியோ எந்த அறிகுறியுமின்றிப் பல ஆண்டுகள் உடலிற் குடியிருக்கும். மேகமும் வெட்டையும்கூடப் பல வேளைகளில் வெளியே தெரிவதில்லை. அவளுக்கு மட்டுமன்று, அவனுக்கும் தெரிவதில்லை. யதார்த்தம் என்று நாம் எழுதிய சித்திரம் மருத்துவ உண்மைக்கு மாறானதாக இருந்திருக்கிறது!

இப்போது ஒரு வாசகத்தை எடுத்துக்கொள்கிறேன். 2003ஆம் ஆண்டளவில் தமிழ்நாட்டின் தெருக்களில் விளம்பரப் பலகைகள் தோன்றின. “புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?” என்று அவை கேட்டன. ஆரம்பத்தில் வேறு விளக்கம் ஏதும் இல்லை. யார் இந்தப் புள்ளிராஜா என்று ஊரே கேட்டது, பெயர் கேலிப்பேச்சாயிற்று. கடலுக்கு இப்பாலிருந்த எங்களுக்கும் தமிழக வார இதழ்கள் மூலம் அவ்வினா வந்து சேர்ந்தது. அப்போது நான் சிறுவன். பெரியோர் ஏன் சிரிக்கிறார்கள் என்பது விளங்காமலே நானும் சிரித்தேன்.

இவ்வாசகத்தின் பெருமையை முதலிற் சொல்லவேண்டும். தமிழிலே ‘விலைமகள்’ உண்டு, ‘பொதுமகள்’ உண்டு, ‘வரைவின்மகளிர்’ உண்டு. அவர்களிடம் செல்பவனுக்கு வழக்கிலே பெயர் கிடையாது. திருக்குறளில், காமத்துப்பாலின் ‘புலவி நுணுக்கம்’ என்னும் அதிகாரத்து முதற் குறளில், தலைவி தலைவனைப் ‘பரத்த’ என்று விளிக்கிறாள். அந்த ஆண்பாற் சொல்லை நாம் வழக்கொழித்துவிட்டோம். பெண்பாற் சொல்லை மட்டும் பேணினோம். சுகாதாரத் திணைக்களத்தாரின் துண்டுப் பிரசுரங்களில் ‘வாடிக்கையாளர்’ என்றிருக்கும். பலசரக்குக் கடைக் கணக்கிலிருந்து வந்த சொல். இந்நிலையிற் புள்ளிராஜா என்ற பெயர், முகமற்ற ஆணுக்கு முதன்முதலாக ஒரு முகவரி தந்தது. நூற்றுக்கணக்கான கதைகள் செய்யாததை ஒரு பலகை செய்தது.

ஆனால் அவ்வாக்கியத்தின் இலக்கணத்தைப் பாருங்கள். ‘புள்ளிராஜாவுக்கு’ என்பது நான்காம் வேற்றுமை. நோய் எழுவாய், அது எங்கிருந்தோ வருகிறது, அவன் அதனைக் கொள்பவன். எங்கிருந்து வருகிறது என்று வாக்கியம் சொல்லவில்லை. சொல்லாமலே அனைவரும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வர். ‘பொன்னுக்கு மறிப்பு’ இங்கே மறுபடியும் நிகழ்கிறது. ‘புள்ளிராஜாவால் யாருக்கு வரும்?’ என்று மூன்றாம் வேற்றுமையில் ஒரு பலகை எழுந்திருந்தால் ஊர் சிரித்திருக்குமா? 1997இல் புனே நகரப் பால்வினை நோய்ச் சிகிச்சை நிலையங்களிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று, பாலியல் தொழிலில் ஈடுபடாத பெண்களிடையே நூற்றுக்கு 13.6 பேருக்கு எச்.ஐ.வி. தொற்றியிருந்ததைக் காட்டியது. அவர்களுட் பெரும்பாலோர் கணவன் ஒருவனையே அறிந்தவர்கள். மருதத் திணையிலே பரத்தையிடமிருந்து மீண்ட தலைவனுக்குத் தோழி வாயில் மறுப்பாள். தலைவியின் ஊடலுக்கு இலக்கியத்தில் ஓர் உரிமை இருந்தது. நம் வீட்டுப் பெண்களுக்கு அடைக்கும் கதவுமில்லை, அடைக்கவேண்டும் என்ற செய்தியும் எட்டுவதில்லை.

அச்சம் மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. புள்ளிராஜாவின் காலத்தில் எய்ட்ஸ் என்றால் மரணம் என்றே மக்கள் எண்ணினர். இன்று மருந்து உண்டு. ஒழுங்காக உட்கொண்டு கிருமி அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியே அது பரவுவதில்லை. இலங்கையிற் சிகிச்சை இலவசம். ஆகவே, செத்துப்போவாய் என்று மிரட்டும் பிரசாரம் பொய்யும் ஆகும், நோயாளரை ஊர்விலக்குச் செய்யும் கொடுமையும் ஆகும். ஆணுறையின் தேவை அதனாற் குறையவில்லை.

மிரட்டாமல் வென்ற நாடு தாய்லாந்து. 1989இல் ராட்சபுரி மாகாணத்தில் தொடங்கி 1991இல் நாடெங்கும் விரிந்த திட்டம் அது. எந்த விடுதியானாலும் உறையின்றி இடமில்லை என்பதே விதி. ஒரு விடுதி மறுத்தால் அடுத்த விடுதிக்குப் போகலாம் என்ற வாய்ப்பு அடைபட்டது. 1989இல் நூற்றுக்கு 14 ஆக இருந்த ஆணுறைப் பயன்பாடு 1993இல் 94 ஆயிற்று. அங்கும் விடுதிகளைப் பொலிசார் அதட்டியதும் பெண்களைச் சோதனைக்கு இழுத்ததும் குறைகளே. கல்கத்தாவின் சோனாகாச்சியில் 1992 முதல் மருத்துவர் ஸ்மரஜித் ஜானா வேறு வழியிற் சென்றார்; அப்பெண்களையே ஊழியராக்கினார், அவர்கள் 1995இல் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். தொழிற்சங்கம் என்றால் என்னவென்று அறிந்த நமக்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. ஒருத்தி தனியே நின்று “உறை இல்லாமல் முடியாது” என்றால் அவள் அன்றிரவு பட்டினி; அனைவரும் சேர்ந்து சொன்னால் அது கூலி ஒப்பந்தம்.

ஏனெனில் அங்கே நடப்பது ஒரு பேரம். உறை வேண்டாம், இன்னும் கொஞ்சம் கூடத் தருகிறேன் என்பான் அவன். அவள் நாளைய பாற்பணத்தையும் வீட்டு வாடகையையும் எண்ணுவாள். வர்க்க முரண்பாடு முழுவதும் அந்த ஒரு நிமிடத்தில் அடங்கியிருக்கிறது. ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியின் உயிரை மேலதிகக் காசுக்கு விலை பேசுகிறான். இக்காட்சியை எழுதிய தமிழ்ச் சிறுகதை ஒன்றையும் நான் இதுவரை வாசித்ததில்லை. சந்து இருளுக்குள் அம்மாளு சென்று திரும்பிய இடைவேளை தொண்ணூறு ஆண்டுகளாக வெற்றிடமாகவே கிடக்கிறது.

பெயர்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. 1968இல் இந்திய அரசு தன் மலிவு விலை உறைக்கு ‘நிரோத்’ என்று பெயரிட்டது. தடை என்று பொருள். காமதேவனை நினைந்து வேறொரு பெயர் முதலில் எண்ணப்பட்டதாகவும், அது தமிழ்நாட்டுப் பெருந்தலைவர் ஒருவரின் பெயராக இருந்தமையாற் கைவிடப்பட்டதாகவும் சொல்வர். நம் நாட்டில் 1973இல் குடும்பத் திட்டச் சங்கம் ‘பிரீத்தி’ என்று பெயர் வைத்தது. மகிழ்ச்சி என்று பொருள். அப்பெயரிட்டவர் மனித மனத்தை அறிந்தவர். எனினும் எங்கள் பகுதி மருந்துக்கடைகளில் அதனைக் கேட்பவன் இன்றும் குரல் தாழ்த்தியே கேட்கிறான். கொடுப்பவரும் பத்திரிகைத் தாளிற் சுற்றியே கொடுக்கிறார். நான் முன்னர்க் கற்பித்த பாடசாலை ஒன்றில், சுகாதார பாடநூலின் அவ்வத்தியாயம் வந்ததும் “வீட்டில் வாசியுங்கள்” என்று பக்கங்கள் புரட்டப்பட்டன. மறைத்தோருள் நானும் ஒருவன் என்பதை ஒளிக்கமாட்டேன். பக்கத்து வகுப்பில் நன்னூல் நடத்திக்கொண்டு வாளாவிருந்தேன்.

சென்ற தவணையில் வேற்றுமை உருபுகளைக் கற்பிக்கும்போது அந்தப் பழைய விளம்பர வாசகத்தைக் கரும்பலகையில் எழுதினேன். உயர்தர வகுப்பு, எல்லாரும் பதினெட்டை எட்டியவர்கள். இரண்டாம் வேற்றுமை முதல் ஏழாம் வேற்றுமை ஈறாக உருபை மாற்றிப் புதிய வாக்கியங்கள் அமைக்குமாறு சொன்னேன். முதலிற் சிரிப்பு, பிறகு எழுதும் ஓசை. கோவலனைப் பற்றிக் கேட்ட மாணவியின் தங்கை அவ்வகுப்பில் இருந்தாள். ஆறாம் வேற்றுமைக்கு அவள் எழுதியிருந்தது இது: “புள்ளிராஜாவினது சட்டைப்பையில் இன்று என்ன இருக்கிறது?”