அட்டைக்குள் ஓர் ஏரி

அம்மாவின் டிரங்குப் பெட்டியில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், கொடைக்கானல் படம் போட்ட தபால் அட்டைகள் ஏழெட்டு இருக்கின்றன. ஏரிக்கரைக் கடையில் கம்பிச் சட்டத்தில் செருகியிருப்பார்கள், சுற்றினால் கிரீச்சிடும். அப்படித் தேடித் தேடி எடுத்தவை. மூலைகள் மழுங்கி, தடவினால் பழைய வேட்டிபோல மெத்தென்று இருக்கின்றன. ஏரியின் நீலம் கொஞ்சம் கூடுதல்தான். அச்சு விலகியதில் படகின் சிவப்பு கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழை தண்ணீருக்குள் கசிந்திருக்கிறது. எனக்கு அந்தக் கசிவுதான் பிடிக்கும். படகு லேசாக ஆடுவதுபோலவே இருக்கும்.

பின்பக்கம் இன்னும் அழகு. நடுவில் ஒரு கோடு. வலப்புறம் முகவரி, இடப்புறம் உள்ளங்கை அகலத்துக்கு இடம். அதற்குள் தாத்தாவுக்கு அப்பா பொடியெழுத்தில் எல்லாவற்றையும் அடக்கியிருக்கிறார்: ஏரியைச் சுற்றி சுமார் 5 கிலோமீட்டரை நான் வாடகை சைக்கிளில் மிதித்தது, நண்பகலிலேயே பனி இறங்கியது, தங்கை தைல வாசனைக்குத் தும்மியது. கடைசியில் ‘அனைவரும் நலம்’. ‘நலம்’ மேல் தபால் முத்திரை அரைவட்டமாக விழுந்திருக்கிறது. தாத்தா இந்த அட்டைகளில் ஒன்றைக்கூடத் தொலைக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இருந்தால் வெயில் படாமல் வையுங்கள். அந்தச் சிவப்பு சீக்கிரம் வெளுத்துவிடும்.