நாள் சொல்லுதலும் வீடு சென்று அழைத்தலும்

விவாகத்துக்கு நாள் குறித்த மாத்திரத்தில், அழைப்பிதழ் அச்சாகுமுன்னரே, அந்த நாளை மட்டும் உற்றார் உறவினருக்குத் தெரிவித்து வைக்கும் வழக்கம் கல்முனைக் கரையோரத்து ஊர்களிலும், அவற்றுக்கு மேற்கே வயல்வெளிகளின் நடுவே அமைந்த சொறிக்கல்முனை போன்ற கிராமங்களிலும் அண்மைக் காலத்தில் பரவி வருகிறது. கைப்பேசியில் ஒரு படம், அதில் மணமக்களின் பெயர், ஒரு திகதி, ஒரு கோவிலின் அல்லது மண்டபத்தின் பெயர், அவ்வளவே. இதற்கு அச்சுக்கூலி இல்லை, தபாற்செலவு இல்லை, வாகனத்துக்கு எண்ணெய் தேவையில்லை. 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டதையும், மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று அளந்து கொடுக்கப்பட்டதையும் அனுபவித்த சனங்கள், நானூறு வீடுகளுக்கு அழைப்பிதழ் அடித்து இரண்டு சுற்று அலைவதிலுள்ள செலவை எண்ணிப் பார்க்கத் தொடங்கியதில் வியப்பில்லை.

ஆயினும் முன்னறிவித்தல் என்பது இப்பகுதிக்குப் புதியதன்று. திருச்சிலுவை ஆலயத்தினால் பெயர்பெற்ற சொறிக்கல்முனையில் கத்தோலிக்கருக்கு அது கோவிலின் ஒழுங்காகவே வந்திருக்கிறது. 1215ஆம் ஆண்டு நான்காம் லாத்தரன் சங்கம் கலியாணத்தை முற்கூட்டிப் பகிரங்கப்படுத்த வேண்டுமென்று கட்டளையிட்டது. 1563இல் திரெந்து சங்கம் மூன்று திருநாள்களில் அதனை வாசிக்க வேண்டுமென்று வரையறுத்தது. தமிழ்க் கத்தோலிக்கர் ஓலை வாசித்தல் என வழங்கும் இந்த அறிவித்தலின் பிரதான நோக்கம் விருந்துக்கு ஆள் சேர்ப்பதன்று. தடை ஏதும் இருப்பின் அறிந்தவர் சொல்ல வேண்டும் என்பதே. எனினும் திருப்பலி முடிவில் குருவானவர் இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் என்று வாசிக்கும்போது, கூலி வேலை செய்பவரும் நிலபுலன் உடையவரும் ஒரே வாங்கிலிருந்து ஒரே கணத்தில் அதைக் கேட்கிறார்கள். ஒரு சதமும் செலவில்லாத, ஏழை பணக்காரன் என்ற பேதமில்லாத இத்தகைய அறிவித்தலை எந்தக் கைப்பேசியும் இதுவரை தந்ததில்லை. அதன் குறையும் வெளிப்படையானது: கோவிலுக்கு வந்தவர் மட்டுமே கேட்பர், மூன்று ஞாயிறு என்பது கட்டாரிலும் குவைத்திலும் வேலை செய்யும் பிள்ளைக்கு விடுமுறை எடுக்கப் போதாது, பக்கத்து வயற்காரரான முஸ்லிம் சிநேகிதருக்கோ இந்து அயலவருக்கோ அது எட்டுவதேயில்லை.

முன்னறிவித்தலின் உண்மையான பிரயோசனம் இவ்விடத்தில்தான் விளங்குகிறது. இப்பிரதேசத்தில் ஒரு கலியாண நாள் என்பது ஒரு வீட்டாரின் நாட்காட்டியை மட்டும் பார்த்து நிச்சயிக்கக் கூடியதன்று. பெரும்போக வெள்ளாண்மை அறுவடையாகிக் கையில் காசு புழங்குவது மாசி, பங்குனிக் காலம். கத்தோலிக்கருக்கு அப்போதுதான் தவக்காலம் குறுக்கிடுகிறது, அக்காலத்தில் அவர்கள் வீட்டில் கலியாணம் வைப்பது வழக்கமில்லை. உயிர்த்த ஞாயிறு மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் ஆண்டுதோறும் நகர்வதால், அதற்குப் பிந்திய சில வாரங்களுக்குள்ளே, சிறுபோக விதைப்பு வேலைகளோடு போட்டியிட்டுக்கொண்டு, கலியாணங்கள் நெருக்கியடித்து வருகின்றன. றமழான் மாதமோ ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னேறி வருவது. 2025இல் தவக்காலமும் நோன்பும் மார்ச் முதல் வாரத்திலேயே ஒன்றையொன்று ஒட்டித் தொடங்கின. நோன்பு காலத்தில் மத்தியான விருந்து வைத்தால் சம்மாந்துறையிலும் நற்பிட்டிமுனையிலும் உள்ள நண்பர் எவரும் சாப்பிட முடியாது. இந்துக்களுக்கு ஆடியும் மார்கழியும் ஆகா. கார்த்திகை முதல் தை வரையுள்ள மழைக்காலத்தில் கிட்டங்கித் தாம்போதியின் மேலால் வெள்ளம் பாய்ந்தால் கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையே போக்குவரத்தே நின்றுவிடும். சமையற்காரர் ஒரு கரையிலும் கிடாரம் மறு கரையிலுமாக நிற்க வேண்டியதுதான். இத்தனை தடைகளுக்கிடையே எஞ்சுகின்ற சனிக்கிழமைகள் சொற்பம். ஒரு வீட்டார் தம் நாளை முந்திச் சொல்லுவதனால், அதே உறவுவட்டத்திலுள்ள மற்றொரு வீட்டார் அந்த நாளைத் தவிர்த்துக்கொள்ளுகின்றனர். மண்டபம், பந்தல், வாடகைக் கதிரை ஆகியவற்றில் மிச்சப்படும் பணத்தைவிட இந்த இணக்கத்தின் பெறுமதி பெரிது என்பேன்.

இரண்டாவது அனுகூலம் விருந்தினரின் மடியைச் சார்ந்தது. இவ்வழக்கத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வீட்டுக்காரரின் சிக்கனத்தையே பேசி இதை மறந்துவிடுகின்றனர். நெருங்கிய உறவுக்காரி ஒருத்தி கலியாணத்துக்குப் போவதாயின் கையில் வைத்துக் கொடுக்க ஏதேனும் வேண்டும், பிள்ளைகளுக்கு உடுப்பு வேண்டும், இரண்டு நாட் கூலியை இழக்கவும் வேண்டும். பத்து நாளைக்கு முன் அழைப்பு வந்தால் அவள் நகையை அடகு வைக்கிறாள். மூன்று மாதத்துக்கு முன் தெரிந்தால் சீட்டுப் போட்டுச் சேர்க்கிறாள். ஆதலால் நாளை முந்திச் சொல்லுவது ஏழை உறவினருக்குச் செய்யும் உபகாரம்.

இனி, குறைபாடுகளுக்கு வருவோம். நம்மவரிடையே துக்க வீட்டுக்குக் கேள்விப்பட்டாலே போதும். கலியாண வீட்டுக்குக் கேள்விப்பட்டது போதாது. மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் சொன்னவுடன், அழைப்பை எதிர்பாராமல் ஊரே திரளும். நிக்காஹைப் பகிரங்கப்படுத்த வேண்டுமென்ற போதனையுள்ள அதே ஊரில், கலியாணச் சாப்பாட்டுக்கு வீடு தேடி வந்து சொல்லாவிட்டால் ஒருவரும் காலெடுத்து வையார். தமிழ்க் கிராமங்களிலும் இதே முறைதான். குடும்பத்தின் மூத்தவர்கள் இருவர் வெற்றிலை வட்டாவோடு படலையைத் திறந்து வந்து, திண்ணையில் இருந்து, வெற்றிலையைக் கையில் எடுத்துக் கொடுத்து, “மச்சாள், நீங்க முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும்” என்று சொன்ன பின்னரே அது அழைப்பாகும். பழைய பாடசாலைக் கொப்பியொன்றில் வீதி வீதியாக எழுதி வைத்த பெயர்களை, சொல்லி முடித்த வீட்டுக்கு நேரே புள்ளடி போட்டுக்கொண்டு போகும் தகப்பன்மாரை இன்றும் காணலாம். அந்த வருகையில் பழைய மனத்தாங்கல்கள் தீர்வதுண்டு. வருடக்கணக்காகப் பேசாதிருந்த அண்ணன் தம்பியர் அந்த வெற்றிலையின் பேரில் பேசத் தொடங்குவதுண்டு. கைப்பேசிப் படம் நாளை அறிவிக்கிறது. இந்தக் காரியத்தை அது செய்வதில்லை. செய்ததாகப் பாவித்துக்கொண்டு வீடு செல்வதைக் கைவிடுவதே இவ்வழக்கத்தின் பெரும் பிரதிகூலமாகும். அங்ஙனம் மிச்சம்பிடித்த பெற்றோற் செலவு உறவிலிருந்து கழிக்கப்பட்டதாகவே முடியும்.

அனுப்பும் கருவியின் இயல்பையும் கவனிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் புரோட்காஸ்ட் பட்டியலாக அனுப்பும் செய்தி, அனுப்புபவரின் இலக்கத்தைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்போருக்கு மாத்திரமே போய்ச் சேரும். ஸ்டேட்டஸ் ஆக இட்டாலோ 24 மணித்தியாலத்தில் மறைந்துவிடும். சாதாரண பட்டன் போனோடு வாழும் பெரியம்மாவும், புதிய இலக்கம் மாற்றிய மைத்துனனும் இப்படித்தான் விடுபடுகின்றனர். வேண்டுமென்று தம்மைத் தவிர்த்ததாக அவர்கள் எண்ணுவது இயல்பே. செல்வர் அழைக்கப்பட்டு ஏழைகள் விடுபடுகின்ற வலீமா என்னும் கலியாண விருந்தை நபிமொழி கடிந்துரைக்கிறது. விடுபடுதல் எண்ணித் துணிந்ததானாலும் கருவியால் நேர்ந்ததானாலும், விடுபட்டவருக்கு வலி ஒன்றே.

நாள் மாறுமிடத்து நேரும் இடர் இன்னும் பாரதூரமானது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கோவில்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. நாடெங்கும் பொதுத் திருப்பலிகள் நிறுத்தப்பட்டன. 26ஆம் திகதி சாய்ந்தமருதில் படையினருக்கும் தீவிரவாதிகளுக்கும் இடையே நடந்த மோதலையொட்டிக் கல்முனை, சவளக்கடை, சம்மாந்துறைப் பொலிஸ் பிரிவுகளில் ஊரடங்கு விதிக்கப்பட்டது. கத்தோலிக்கரின் கலியாணங்கள் நெருங்கி வரும் பருவம் அதுவே. அந்நாட்களில், 21 முதல் 30ஆம் திகதி வரை, முகநூலும் வாட்ஸ்அப்பும் அரசாங்கத்தால் முடக்கப்பட்டிருந்தன. எந்த வழியாக நாளை அறிவித்தார்களோ அந்த வழி, நாள் மாறியதைச் சொல்ல வேண்டிய வேளையில் அடைபட்டுக் கிடந்தது. கொப்பியில் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதி வைத்திருந்த வீட்டாருக்கு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லும் வழியாவது திறந்திருந்தது.

விருந்தினரின் தொகையை முற்கூட்டி அறிந்து சமையலைச் சுருக்கலாம் என்று சிலர் சொல்லும் வாதத்தை நான் ஏற்கவில்லை. வருவேன், வரமாட்டேன் என்று எழுத்தில் பதில் தரும் பழக்கம் நம்மிடம் இல்லை. வராதவனும் வருவதாகவே சொல்லுவான், அதுவே மரியாதை. அரிசி அளப்பது பழைய கணக்கின்படிதான்.

ஆகையால் இவ்வழக்கத்தை நான் முற்றாக ஏற்பதுமில்லை, முற்றாகத் தள்ளுவதுமில்லை. தூரத்தில் இருப்போர்க்கு மூன்று மாதத்துக்கு முன்னரே, படமாக அன்றி, வீட்டுப் பெரியவர் ஒருவரின் சொந்தக் குரலில், “இப்ப நாளை மட்டும் மனசில வைச்சிருங்க, நேரம் வரேக்க முறையாச் சொல்லுவம்” என்று ஒலிப்பதிவாக அனுப்பினால் அதற்கு ஒரு செலவுமில்லை. கேட்பவருக்கு ஐயமும் இல்லை. பக்கத்து ஊர்களுக்குக் கோவில் வாசிப்பும் வாய்ச்சொல்லும் முதற் சுற்றாக அமையட்டும். கால்நடையாகவும் மோட்டார் சைக்கிளிலும் போகும் சுற்று ஒன்றே ஒன்றாக, கலியாணத்துக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு முன் நடக்கட்டும். அச்சிடும் அழைப்பிதழ்களைச் சம்பந்தி வீட்டாருக்கும், அலுவலகத்தாருக்கும், விடுமுறைக்கு அத்தாட்சி காட்ட வேண்டியவர்களுக்கும் என்று சுருக்கிக்கொள்ளலாம். வெற்றிலை கொடுத்த வீட்டில் அட்டை கேட்பார் இல்லை. குருவானவரிடமோ பள்ளிவாசலிலோ நாள் உறுதியாகாத வரைக்கும், மண்டபத்துக்கு முற்பணம் கட்டாத வரைக்கும், ஒருவருக்கும் நாளைச் சொல்லாதிருப்பது நலம். முதலிற் சொன்னவரே மாற்றத்தையும் சொல்ல வேண்டுமாகையால், யார் யாருக்கு எவர் சொன்னது என்பதையும் அந்தக் கொப்பியிலேயே பெயருக்கு நேரே குறித்து வைக்க வேண்டும்.