தெஃபியும் மிஸிஸ் டாமோடிரனும்

நகைச்சுவையை இலக்கியத்தின் கடைசிப் பந்தியில் அமர்த்தும் வழக்கம் தமிழ் விமர்சனத்தில் இன்னும் ஒழிந்தபாடில்லை. பேராசிரியர் கா. சிவத்தம்பி பிறந்த கரவெட்டியிலேயே 'சிரித்திரன்' ஆசிரியர் சி. சிவஞானசுந்தரமும் (1924–1996) பிறந்தார். முன்னவரின் எழுத்துப் பெற்ற ஆழ்ந்த வாசிப்பில் சிறு பங்குதானும் பின்னவரின் கோடுகளுக்குக் கிட்டவில்லை. அவரைப் பாராட்டுவோர் பலர்; ஆராய்வோர் சிலரே.

அவ்வாராய்ச்சிக்கு ருஷ்ய எழுத்தாளர் ஒருவர் துணைசெய்யக்கூடும். தெஃபி என்ற புனைபெயர் பூண்ட நதேஷ்தா லோக்வித்ஸ்கயா 1872இல் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். 1908இல் தோன்றிய 'சத்திரிகோன்' என்னும் அங்கத இதழால் பெரும்புகழ் எய்தினார். சார் மன்னரும் லெனினும் ஒருங்கே சுவைத்த எழுத்து அவருடையது என்பர். புரட்சிக்குப்பின் 1919இல் நாடு நீங்கியவர், 1952இல் பாரிஸில் மறைந்தார். அகதியாய் அந்நகர் சேர்ந்த முதிய தளபதியொருவர், சதுக்கத்தில் நின்று அதன் எழிலையெல்லாம் மெச்சியபின், இனிச் செய்வதென்ன என்று அரைகுறைப் பிரெஞ்சிலே கேட்கும் அவரது கதை ஈழத்து வாசகர்க்கு உரை வேண்டாதது.

சிவஞானசுந்தரம் பம்பாயிற் கட்டடக்கலை கற்கச் சென்று கேலிச்சித்திரக்காரராய்த் திரும்பியவர். அவரது சவாரித்தம்பரும் சின்னக்குட்டியும் யாழ்ப்பாணத்து வண்டிற்பாதையிலிருந்து நேரே தாளில் ஏறியவர்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்கும் கிராமத்தவன் தன்னையும் அச்சிரிப்பிலே சேர்த்துக்கொள்கிறான். ஓவியரும் அவனுடன் அதே வண்டியில் இருக்கிறார்.

மிஸிஸ் டாமோடிரனிடம் வரும்போது நிலை மாறுகிறது. தாமோதரன் என்ற நல்ல தமிழ்ப்பெயர் ஆங்கில நாவிற் புரண்டு டாமோடிரன் ஆனமையே பாதி நகைச்சுவை, கூர்மையான கண்டுபிடிப்புத்தான். எனினும் போலி நாகரிகத்தின் சின்னமாக நிறுத்தப்பட்ட அவ்வம்மையாரை ஓவியர் வெளியே நின்றே காண்கிறார். அவருக்குப் பசிக்குமா, பயம் உண்டா என்பதை அக்கோடுகள் கேட்பதில்லை. ஒற்றைச் சட்டத்துள் முடியும் கலைக்கு அவ்வளவு இடமில்லை என்று விடை கூறலாம். ஆனால் அதே இடநெருக்கடியில் சவாரித்தம்பருக்கு உயிர் கிடைத்திருக்கிறதே!

தெஃபியும் பாசாங்குப் பெண்ணை விட்டுவைத்தவரல்லர். அவரது சிறு சித்திரமொன்றிலே, புதிர் நிறைந்த 'மாயப் பெண்'ணாகத் தன்னைக் காட்டிக்கொள்பவள் ஊரையே மிரட்டுகிறாள். இரவுணவு மேசையில் அமர்ந்ததும், ஏதோ விதியின் கட்டளைபோல முழங்கி, அவள் கேட்டுப் பெறுவது உப்பிட்ட மீனும் வெங்காயமும்.