பூனை தோண்டும் மண்

மாடித் தோட்டக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் மாவுப்பூச்சிக்கு அடுத்து வரும் பேச்சு பெரும்பாலும் பூனையைப் பற்றியதுதான். நேற்று விதைத்த கீரைப் பாத்தி கிளறிக் கிடக்கிறது; கத்தரி நாற்று வேரோடு சாய்ந்திருக்கிறது; களை எடுக்க மண்ணில் கையை விட்டால் நாற்றம். உடனே ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்: ஆரஞ்சுத் தோல், மிளகாய்த் தூள், பாச்சை உருண்டை, பினாயில். தெருநாய்க்கென்று வாசலில் வைக்கும் சொட்டு நீலத் தண்ணீர் பாட்டிலையும் சிலர் மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். நீலத் தண்ணீரை விட்டுவிடலாம், அதற்குப் பூனை அஞ்ச ஒரு காரணமும் இல்லை. மற்றவை எல்லாம் ஒரே நம்பிக்கையில் நிற்பவை: பிடிக்காத வாடை அடித்தால் பூனை வராது. இந்த நம்பிக்கையில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் சிக்கலின் வேர் வாடையில் இல்லை, மண்ணில் இருக்கிறது.

வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியாவின் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப்பூனை. கழிவை உலர்ந்த, பொலபொலப்பான மண்ணில் குழி தோண்டிப் புதைப்பது அந்த வழியில் வந்த பழக்கம். இன்றைய சென்னையிலோ கோவையிலோ ஒரு தெருப்பூனைக்கு அப்படிப்பட்ட மண் எங்கே கிடைக்கிறது? வாசல்வரை சிமெண்ட், சந்தெல்லாம் டைல்ஸ். அந்த நிலையில் மாடியில் நாம் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து, கட்டி உடைத்து, பைபையாக நிரப்பி வைக்கிறோம். பூனைக்கு அதைவிட நல்ல இடம் அந்தத் தெருவிலேயே இல்லை. போதாததற்கு நாமே அழைப்பும் விடுக்கிறோம். மீன் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறோம், மீன் அமிலம் தெளிக்கிறோம், எலும்புத் தூள் கலக்கிறோம். தொட்டியில் தானாக முளைத்த குப்பைமேனியைப் பிடுங்கி அங்கேயே போட்டால் அந்த வேரின் வாசனைக்குப் பூனை தேடி வந்து புரளும். சித்த மருத்துவம் அறிந்தவர்கள் அந்தச் செடியைப் பூனைவணங்கி என்று சொல்வது இதனால்தான். இத்தனையும் செய்துவிட்டு ஓர் ஆரஞ்சுத் தோலை மேலே வைத்தால் அது என்ன செய்யும்?

ஆரஞ்சுத் தோலுக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடுவோம். செலவில்லை, செடிக்குக் கேடில்லை, எலுமிச்சை இனத்தின் வாடையைப் பல பூனைகள் ஒதுக்குவதும் உண்மை. ஆனால் அந்த வாடையைத் தரும் எண்ணெய் ஆவியாகிப் போகக்கூடியது. சித்திரை வெயிலில் தோல் ஒரே நாளில் சருகாகிவிடும். தினமும் புதுத் தோல் வைக்க முடிகிற வீட்டில் ஓரளவு உதவும். மற்ற வீடுகளில் வைத்த மறுநாளே பூனை திரும்பிவிடும்.

மிளகாய்த் தூளை இந்த வரிசையில் சேர்க்கவே கூடாது. அது வாடையால் விலக்குவதில்லை, எரிச்சலால் வதைக்கிறது. பூனை பாதத்தை நக்கித்தான் சுத்தம் செய்யும், அதே பாதத்தால்தான் முகத்தைத் துடைக்கும். பாதத்தில் ஒட்டிய தூள் வாய்க்கும் கண்ணுக்கும் போகிறது. பாச்சை உருண்டை இன்னும் மோசம். அதிலுள்ள நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் நஞ்சு; காய்கறி மண்ணில் அதைப் போடுவதை நமக்காகவும் நிறுத்த வேண்டும். பினாயில் வகைகளும் அப்படியே. அவற்றிலுள்ள பீனால் சேர்மங்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. மனிதருக்குச் சாதாரணமான பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடுவதற்கும் இந்தக் குறைபாடுதான் பெரிய காரணம். தெரியாமல் செய்பவர்களே அதிகம் என்று நம்புகிறேன். தெரிந்தே விஷம் வைப்பவர்களும் இருக்கிறார்கள். விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இலேயே வந்துவிட்டது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு, விலங்கை நஞ்சிட்டுக் கொன்று சேதம் விளைவிப்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், பூனைமேல் உள்ள அன்பால், “இருக்கட்டுமே, அதுவும் உரம்தானே” என்பவர்கள் உண்டு. அந்த அன்பு எனக்கும் உண்டு, ஆனால் இந்த வாதத்தை ஏற்க முடியாது. பூனை இறைச்சி உண்ணும் விலங்கு. அதன் கழிவில் மனிதரைத் தொற்றும் குடற்புழுக்களின் முட்டைகள் இருக்கலாம். டாக்ஸோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியும் இருக்கலாம். அது தன் இனப்பெருக்கச் சுழற்சியைப் பூனை இனத்தின் குடலில் மட்டுமே முடிக்கிறது. முதல்முறை தொற்று வந்த பூனை ஒன்று முதல் மூன்று வாரம் வரை அதைக் கழிவில் வெளியேற்றும். வெளியே வந்தவை ஒன்று முதல் ஐந்து நாளில் தொற்றும் நிலையை அடைந்து, ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடியவை. முளைக்கீரையோ இருபத்தைந்து நாளில் அறுவடைக்கு வந்துவிடும். கீரையை வேகவைத்துத்தான் உண்கிறோம், அதனால் அச்சம் குறைவு. கொத்தமல்லியும் புதினாவும் சட்னியில் பச்சையாகவே போகின்றன. நல்ல உடல்நிலை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்தத் தொற்று வந்ததே தெரியாமல் போய்விடும். கருவுற்ற பெண்ணுக்குப் புதிதாக வந்தால் குழந்தையைப் பாதிக்கலாம். ஆகவே பூனை தோண்டிய தொட்டியைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கருவுற்றவர்கள் அந்த வேலையை அடுத்தவரிடம் விட்டுவிடுங்கள். பூனையை வெறுக்க இது காரணம் ஆகாது. சரியாக வேகாத இறைச்சி வழியாகவும் இதே தொற்று வருகிறது.

மண்ணின் மேற்பரப்பை மாற்றுவது பயன் தரும் வழி. தோண்டக் காலுக்கு இடமில்லை என்றால் பூனை அங்கே நேரம் செலவிடாது. பெரிய கூழாங்கல், கவிழ்த்த கொட்டாங்குச்சி, நறுக்கிய தென்னை மட்டை எல்லாமே இதற்கு உதவும். மூடாக்கு முரடாக இருக்க வேண்டும். பொடியான நாரைப் பரப்பினால் பூனைக்கு மெத்தை போட்டது போலாகிவிடும். கோழி வலையை மண்மேல் படுக்க வைத்து விளிம்பை மடக்கிவிடுவது என் பார்வையில் எல்லாவற்றிலும் உறுதியானது. மிளகாய், கத்தரி, வெண்டைக்கு நாற்றளவு துளை வெட்டிக்கொண்டால் போதும். இதன் குறையும் பெரியது. முள்ளங்கி பிடுங்க முடியாது, வேரோடு எடுக்கும் கீரை வலையில் மாட்டும், மண் கொத்த வேண்டுமென்றால் வலையைக் கழற்றியாக வேண்டும். குச்சிகளை நெருக்கமாக நடுவது கீரைக்கு எளிது, ஆனால் கூர்முனை மேலே இருந்தால் குனிந்து களையெடுப்பவர் கண்ணுக்கே ஆபத்து. தளர்வாகத் தொங்கும் மீன்பிடி வலையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அணிலும் ஓணானும் அதில் சிக்கிச் சாகின்றன.

கீரைக்கு இவ்வளவு ஏற்பாடும் எப்போதும் தேவைப்படாது. இலை விரிந்து மண்ணை மூடிய பாத்தியைப் பூனை பெரும்பாலும் தொடுவதில்லை. ஆபத்தான காலம் விதைத்த முதல் இரண்டு வாரமும், அறுவடை முடிந்து பை வெறுமையாகக் கிடக்கும் நாட்களும்தான். அந்த நாட்களில் ஒரு கோணியையோ நிழல்வலைத் துண்டையோ இழுத்துக் கட்டினால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். மாலையில் தண்ணீர் விட்டு மேல்மண்ணை ஈரமாக வைப்பதும் உதவும், பூனை உலர்ந்த இடத்தையே தேடும். மழைக்காலத்தில் இதையே செய்தால் நாற்றழுகல் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மாடியின் ஒரு மூலையில் பழைய டப்பில் மணலோ நார்க்கழிவோ நிரப்பி வைப்பதுதான் பூனையின் தேவையையும் கணக்கில் எடுக்கும் ஒரே முறை, அதனால் எனக்கு உவப்பானதும்கூட. ஏற்கெனவே கழித்த மண்ணில் ஒரு கைப்பிடியை அதில் போட்டால் பூனை இடத்தைக் கண்டுகொள்ளும். தினமும் அள்ளிவிட்டால், தொற்று முதிர ஒரு நாளாவது வேண்டும் என்பதால், நோய் அச்சமும் வெகுவாகக் குறைகிறது. ஆனால் தினமும் அள்ள ஆள் வேண்டும். ஊருக்குப் போனால் யார் பார்ப்பது? ஐப்பசி மழையில் டப் சேறாகும். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டார் சம்மதம் வேண்டும், “இது இருப்பதால்தான் பூனை வருகிறது” என்ற பேச்சும் வரும்.

அந்தப் பேச்சு முற்றும்போது, கோணிப்பையில் பிடித்து மீன் மார்க்கெட்டில் விட்டுவிடலாம் என்று யாராவது கிளம்புவார்கள். அது தீர்வே அல்ல. பூனை தன் எல்லையை நம்பி வாழும் பிராணி. புது இடத்தில் மற்ற பூனைகளிடம் அடிபடும், காலியான இடத்துக்கு வேறொன்று வந்துவிடும். பிடித்தது தாயென்றால் சன்ஷேடில் குட்டிகள் பட்டினியில் சாகும். இரண்டு மாதச் சினையில் ஆண்டுக்குச் சில ஈற்று ஈனும் விலங்கின் எண்ணிக்கையைக் கருத்தடை அறுவை ஒன்றுதான் குறைக்கும்.

அந்தச் செலவைத் தோட்டம் போட்டவரும், கீழ்வீட்டில் பூனைக்குச் சோறு வைப்பவரும் பகிர்ந்துகொள்ளலாம். பெரும்பாலும் இவர்கள் இருவருக்குள்ளும்தான் சண்டை நடக்கிறது, பேச வேண்டியவர்களும் இவர்களே. டப்பை யார் அள்ளுவது என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடலாம். சோற்றுத் தட்டுக்கு அருகில் மட்டும் அந்த டப்பை வைக்க வேண்டாம். உண்ணும் இடத்தின் பக்கத்தில் கழிக்கப் பூனை விரும்பாது.